சண்டை போட ஆளில்லாத ஊர்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்க்குள் காற்று வரும். "உஸ்ஸ்" என்று நீளமாகச் சீறி, நடுவில் இரண்டு முறை இருமி, துருச் சிவப்பில் ஒரு கைத் தண்ணீரைத் துப்பிவிட்டுத்தான் குழாய் ஒழுங்காக ஊற்றத் தொடங்கும். வடசென்னையில் ரயில் பாதையை ஒட்டி, ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த எங்கள் "காம்பவுண்டில்" அந்தச் சீறல் கேட்ட மறு நொடியே அதைவிடப் பலமாக இன்னொரு சத்தம் கேட்கும். அது என் அத்தையின் குரல்.

அத்தையின் பெயர் பவுனம்மாள். அப்பாவுக்கு அக்கா. மணமாகி இரண்டே வருடத்தில் கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீருக்கு முதல் நாளே குடங்களை வரிசை கட்டி வைப்பார்கள். குடம் இல்லாதவர்கள் ஓட்டை வாளியை வைப்பார்கள், அதுவும் இல்லாவிட்டால் ஒரு செங்கல். செங்கல் வைத்தாலும் இடம் இடம்தான். அந்த வரிசையில் முதல் இடம் யாருக்கு என்பதில் அத்தைக்கும் எதிர்வீட்டு லூர்தம்மாவுக்கும் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது.

"இன்னாடி, என் கொடத்த நவுத்தி வச்சிக்கிற?"

"உன் கொடம் நவுந்தா நான் இன்னா பண்றது? காத்தக் கேளு."

இப்படித்தான் ஆரம்பிக்கும். பிறகு லூர்தம்மாவின் மாமியார், அத்தையின் சமையல், லூர்தம்மா வீட்டுக்காரரின் குறட்டை என்று ஊரில் உள்ள எல்லாவற்றையும் சுற்றிவந்து, தண்ணீர் நிற்பதற்குள் முடிந்துவிடும். முடிந்ததும் நிறைகுடத்தைத் தூக்கி லூர்தம்மாவின் இடுப்பில் வைப்பது அத்தைதான். அத்தையின் தலையில் இரண்டாவது குடத்தை ஏற்றிவிடுவது லூர்தம்மாதான். அம்மை கண்டு நான் படுத்திருந்த நாட்களில் வேப்பிலை தேடி மூன்று தெரு அலைந்து கொண்டுவந்தவளும் அந்த லூர்தம்மாதான்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. அம்மா பெரம்பலூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்து ஊர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் பிடிக்கப் போய், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாளாம். "வாயில்லாத புள்ள, நீ உள்ள போ" என்று குடத்தை வாங்கிக்கொண்ட அத்தை, அதற்குப் பிறகு ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்குச் சேர்த்துத் தானே பேசிவந்தாள்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, பெரம்பலூர் நாலு ரோடு பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை சொல்லி வைத்தார். ஊரில் அவருடைய பழைய வீடு பூட்டிக் கிடந்தது, வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம். போவது என்று முடிவான அன்று சாயந்திரம் லூர்தம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"தம்பி, பவுனு என்னாண்ட இருக்கட்டும். எங்கூட்ல ஒரு மூலை இல்லாமயா பூடும்? அது அங்க வந்து இன்னா பண்ணும்?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் மானஸ்தர். "கூடப் பொறந்தவள இன்னொருத்தர் வூட்ல வுட்டுட்டுப் போனா நாலு பேர் இன்னா கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டார். அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அத்தை கட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். எனக்கோ அத்தையும் வருகிறாள் என்பதே போதுமானதாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது, "உனக்கு என்ன விருப்பம்?" என்று அவளிடம் கேட்க அந்த வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தது கார்த்திகைக் கடைசி. பெரம்பலூர் என்றால் வெயில் என்று நினைப்பவர்கள் மார்கழியில் மலையடிவாரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பனி சோளக்காட்டில் அப்படியே நின்றுவிடும். விடிந்து வெகு நேரம் கழித்தும் எதிர்ச்சாரி வீடு தெரியாது. பொழுது சாய்ந்தால் கதவுகளைச் சாத்திக்கொள்வார்கள், நாய்கூடச் சாம்பல் மேட்டைவிட்டு எழுந்திருக்காது. மெட்ராசில் வருடம் முழுக்க முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அத்தைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அவளும் சிரித்திருக்க வேண்டும், குல்லாவுக்குள் தெரியவில்லை.

வந்த மறுநாளே, இருட்டு பிரியும் முன் அத்தை எங்கள் குடங்களையெல்லாம் தெருக்குழாயடியில் வரிசை கட்டிவிட்டுக் காவலுக்கு நின்றாள். டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுகிறவரே எழுந்திருக்காத நேரம். பனியில் ஒற்றை ஆளாக நின்று நின்று கால் மரத்துப் போன பிறகு, வெயில் லேசாக எட்டிப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஒரு குடத்தை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

அத்தை தயாரானாள். "நான்தான் மொதல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"அட, புடிங்கக்கா. எங்களுக்கு என்னங்க அவசரம்? நீங்க புடிச்சுட்டுப் போங்க, நா அப்பறமா வரேன்" என்று சொல்லிவிட்டு அஞ்சலை அக்கா வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். ஏந்திய கத்தியை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி அத்தை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் சும்மா விட்டுவிடவில்லை. அஞ்சலை அக்காவின் ஆடு எங்கள் முருங்கைக் கன்றைக் கடித்ததை வைத்து ஒரு நல்ல சண்டைக்கு அடித்தளம் போட்டாள். ஆட்டில் தொடங்கி அதை வளர்த்தவள் வரைக்கும் தெருவே கேட்கும்படி அவள் முழங்கியபோது, எனக்குப் பழைய காம்பவுண்டே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. அஞ்சலை அக்கா வேலியோரம் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்புதாங்க, கட்டிப் போட்டிருக்கணும்" என்றாள். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு முறம் சின்ன வெங்காயம் வந்தது. அத்தை அந்த முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பசுக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கோபம் சத்தமாக வராது, அவ்வளவுதான். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். என் மாமாவும் அவருடைய பங்காளியும் ஒரு சுவருக்காகப் பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாமல், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டு அத்தை ஆடிப்போனாள். "பன்னெண்டு வருசமா? தப்பு யார் மேலன்னு கத்தித் தீத்துக்க மாட்டாங்களா? வயித்துக்குள்ளயே வச்சுக்கினு எப்பிடித் தூங்கறாங்க?" என்றாள்.

அம்மாவோ பிறந்த ஊர்க் காற்று பட்டதும் வேறு ஆளாகிவிட்டாள். தெருவில் எல்லாரும் அவளுக்கு உறவு. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அத்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறவளும் இப்போது அவள்தான். "அண்ணி, இங்க யாரையும் வாடி போடின்னு பேசாதீங்க. பனியில வாயத் தொறந்துக்கிட்டு நிக்காதீங்க, சளி புடிச்சுக்கும்" என்பாள். அக்கறையில் சொன்னதுதான். ஒவ்வொரு மார்கழியிலும் சொன்னாள்.

இடையில் அத்தைக்கு உயிர் வந்த நாட்களும் உண்டு. அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேருக்கு ஒருமுறை போனோம். விளைந்ததில் ஒரு பங்கைப் பெருமாளுக்குக் கொட்ட வந்தவர்களும் மாடுகளும் கூட்டமும் தூசியுமாக இருந்த இடத்தில், வரிசையில் குறுக்கே புகுந்த யாரோ ஓர் அம்மாளோடு அத்தை ஒரு பாட்டம் மோதினாள். அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. திரும்பும் பஸ்ஸில் அத்தை, "நல்ல பொம்பள" என்று அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இன்னொரு நாள் அப்பா எங்களை நாலு ரோடு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப் போனார். காம்பவுண்டு வாசல் டீக்கடைக்குப் போன் போட்டு, லூர்தம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தோம். லூர்தம்மா வந்து "பவுனு" என்றதுதான் தாமதம், அத்தை கண்ணாடிக் கூண்டு அதிரும்படி ஆரம்பித்தாள்.

"ஏன்டி, நான் இந்தாண்ட வந்ததும் என் எடத்துல உன் கொடத்த வச்சிட்ட இல்ல? எனக்குத் தெரியும்டி. உன் புத்தி எனக்குத் தெரியாது?"

அந்தப் பக்கமிருந்தும் பதிலுக்கு ஏதோ வெடித்தது. அத்தை சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் மட்டும் ஏசிக்கொண்டே இருக்கிறது. பூத்துக்காரர் எழுந்து வந்து, "சார், ஏதாவது பிரச்சனைங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். வெளியே நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "போதும்க்கா, ஊரே பாக்குது" என்று ரிசீவரை வாங்கி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அவளைப் பூத்துக்கு அழைத்துப் போகவில்லை.

"ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்டா" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா பொங்கல் கழியட்டும் என்றார், பள்ளிக்கூடம் லீவு விடட்டும் என்றார். அதற்குள் சாலையை அகலப்படுத்தக் காம்பவுண்டை இடித்துவிட்டார்கள், குடித்தனக்காரர்களெல்லாம் ஊருக்கு வெளியே மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள் என்று அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் சொல்லி அனுப்பினார். சாப்பிடும்போது அப்பா அதைச் சொன்னார். லூர்தம்மா எங்கே போனாள் என்று தெரியவில்லை என்பதையும் சொன்னார்.

"கொழாயையும் புடுங்கிட்டாங்களா?" என்று மட்டும் அத்தை கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்தார்.

அந்த வருடப் பனிக்காலத்தில் ஒரு காலை, நானும் அவளோடு குழாயடியில் நின்றேன். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், விவரம் தெரியாமல் அத்தையின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். காலால். குல்லாவுக்குள்ளிருந்து இடி வரப்போகிறது என்று காத்திருந்தேன். அத்தை தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, "சரிங்க, நீங்க புடிங்க" என்றாள். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "இப்பத்தான் அண்ணி நம்ம ஊருக்குப் பழகியிருக்காங்க" என்று சந்தோஷப்பட்டாள். அப்பாவுக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அந்த வயதில் ஊரோடு ஒத்துப்போவதைவிடப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த அத்தனை வருடங்களிலும் நான் அவளிடமிருந்து ஓர் உரத்த வார்த்தை கேட்கவில்லை.

போன மாசியில் அத்தை இறந்துபோனாள். நான் இப்போது பெரம்பலூர் டவுனில் குடியிருக்கிறேன், அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறேன். தெருக்குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு பைப் வந்துவிட்டது. பனிகூட முன்னைப்போல் இறங்குவதில்லை, மார்கழியில் காலையிலேயே எதிர்ச்சாரி வீடு பளிச்சென்று தெரிகிறது. குல்லா மட்டும் அம்மாவின் பரணில் கிடக்கிறது.

சென்ற வாரம் போயிருந்தபோது அஞ்சலை அக்கா வேலியோரம் நிறுத்திப் பேசினாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. அத்தையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஒங்க அத்தை மாதிரி ஒரு சாதுவப் பாக்க முடியாதுங்க. இத்தன வருசத்துல அதிர்ந்து ஒரு வார்த்தை உண்டுங்களா? இந்தத் தெருவுல அவங்க கொரலு எப்படி இருக்கும்னே நெறைய பேருக்குத் தெரியாதுங்க."

முருங்கைக் கன்றை ஞாபகப்படுத்தலாமா என்று பார்த்தேன். அந்தக் கன்று மரமாகி, முறிந்து, அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இல்லைக்கா, உங்களுக்குத் தெரியாது, ஒரு காம்பவுண்டையே எழுப்புகிற குரல் அது, அதை நாங்கள்தான் இங்கே கொண்டுவந்து அடக்கிவிட்டோம் என்று கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.