பாக்டீரியாவுக்கு விருந்து

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியின் ஆய்வகத்தில் நான் பார்த்துக்கொள்வது ஒரு பாக்டீரியாவை. அது சுரக்கும் நொதி கரும்புச் சக்கையின் நாரைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையிலிருந்து வண்டிக்கு ஊற்றும் எத்தனால் எடுக்கலாம். நன்றாக வேலை செய்வதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு டிகிரி சூடு கூட்டி வளர்த்து, இரண்டு வருடத்தில் பதினான்காவது குழாய்க்கு வந்திருந்தேன்.

சக்கையில் அதை வளர்த்த நீரை, நார்ப்பொருள் கலந்த கூழ் உறைந்த தட்டில் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் சிவப்புச் சாயம் ஊற்றினால், நொதி வேலை செய்த இடம் வெளிறி வட்டமாகத் தெரியும். வழக்கமாகப் பதினெட்டு மில்லிமீட்டர். அந்த வாரம் ஆறு. திரும்பச் செய்தேன். மறுபடியும் ஆறு.

என்னைவிட வயதில் சிறியவரான பேராசிரியை தட்டைப் பார்த்தார். "அக்கா, மூணாவது தடவையும் இப்படின்னா இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிச்சுக்கலாங்க."

இரண்டு வருடம்! டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். முந்தின வாரத் திங்கள்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'புதுச் சக்கை மூட்டை பிரித்தேன். எறும்பு. மருந்து போட்டேன்.' முந்தைய மூட்டை எதற்கும் எறும்பு வந்ததில்லை.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்காரர்தான் எங்களுக்குச் சக்கை அனுப்புவார். உடனே போன் செய்தேன்.

"மூட்டையில வேற ஏதாச்சும் சேர்த்தீங்களா?"

"வேறென்னங்க அம்மணி? ரெண்டு அகப்பை பாகு தெளிச்சேன், அவ்வளவுதான்."

"பாகா! எதுக்குங்க?"

"போன தடவை வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, உங்க பூச்சிக சக்கையைத் திங்குதுன்னு. பாவம், வெறுஞ்சக்கைய எப்படித் திங்கும்? எங்க மாடே தொடாதுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். இனிப்பு சும்மா கிடைத்தால் அது நார்ப்பக்கமே போகாது, நொதியும் சுரக்காது.

"அட, எங்க ஊட்டு மாப்பிள்ளையாட்டவே இருக்குதுங்களே!"

மிச்சமிருந்த சக்கையை வெந்நீரில் மும்முறை அலசினேன். கடைசியாக வடித்த நீரில் சர்க்கரை இல்லை என்று சோதித்துக்கொண்டு, மூன்றாம் முறையாக வளர்க்க வைத்தேன். நான்காம் நாள் சாயம் ஊற்றியபோது பேராசிரியையும் பக்கத்தில் நின்றார். வட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். பத்தொன்பது.

"உங்க ஸ்கேல் சரிதானுங்களாக்கா?"

"என் ஸ்கேலையா கேக்கறீங்க?"

தன் ஸ்கேலை எடுத்துவந்து தானே அளந்தார். பத்தொன்பதுதான். இன்குபேட்டரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றினார். நான் புதுக் குழாயில் பதினைந்து என்று எழுதி ஒட்டினேன்.