யோரின் ஏற முடியாத வண்டி

என் வீட்டில் தங்கிப் படித்துவிட்டுப் போன மாட்டு டாக்டர்களைச் சேர்த்து நிறுத்தினால் ஒரு மாகாணத்து மாடுகளையே பார்த்துக்கொள்ளலாம். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், ஆனாலும் உண்மை. கெண்ட் நகரத்துக்குத் தெற்கே, கால்நடைக் கல்லூரிக்குச் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இந்த வீட்டைக் கட்டினேன். செங்கல்லை நானே அடுக்கினேன், மாடிப்படியை நானே இழைத்தேன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு ஓட்டை லாரியில் மாடு ஏற்ற ஆரம்பித்தவன் நான். தொழிலை விடும்போது என் பெயர் எழுதிய லாரிகள் பிரான்சு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. மந்திரி வந்த கூட்டத்தில் எழுந்து நின்று, லாரிக்காரனுக்கு என்ன வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டவன் இந்தக் கமீல். என் வீட்டுப் பிள்ளைகள் என்னை பாஸ் என்று கூப்பிடுவார்கள். அதில் தப்பில்லை.

யோரினைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கடலோரத் தாழ்நிலத்தில், டிக்ஸ்முய்டெ பக்கம், அவள் அப்பா டிர்க்குக்கு மாட்டுப் பண்ணை. எங்கள் நாட்டு நீலவெள்ளை மாடு, தொடை இரண்டும் அடுக்குத் தசையாகத் தெறித்து நிற்குமே, அதே இனம். அந்தக் கன்று தானாக வெளியே வராது. தாயை நிற்கவைத்தே இடது விலாவைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் பாதிரியார் இல்லாமல் காலம் தள்ளிவிடலாம், மாட்டு டாக்டர் இல்லாமல் முடியாது.

அறை பார்க்க அப்பாவோடு முதல் தடவை வந்த அன்று மற்றப் பிள்ளைகள் கேட்பதுபோல் வைஃபை உண்டா, அடுப்பு உண்டா என்று அவள் கேட்கவில்லை. சன்னலுக்குப் போய் நின்றாள்.

"பின்னால நிக்கிற மாடு உங்களுதா?"

"ஆமா. ஒடெட்டுன்னு பேரு. வேலையை விட்டதுக்கப்புறம் மாட்டு வாசன இல்லாம இருக்க முடியல, ஒண்ணு வச்சிருக்கேன்."

"பின்னங்கால் ரொம்ப நேரா இருக்கு. முட்டியில வலி வரும்."

"நீ ரூம் பாக்க வந்தியா, மாடு வாங்க வந்தியா?"

டிர்க் சிரித்துவிட்டு, "இவ இப்படித்தான். எங்க டாக்டர் லாமோட் இவளுக்காகத்தான் காத்திட்டிருக்கார்" என்றான்.

அதில் மிகை இல்லை. லாமோட் எழுபதைத் தாண்டியவர். வருடக்கணக்காக மாட்டு வயிற்றுக்குள் கைவிட்டு இழுத்து வலது தோள்பட்டை போய்விட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் டவுனில் நாய் பூனை பார்க்கத்தான் ஓடுகிறார்கள். அந்தத் தாழ்நிலச் சேற்றுக்கு வருகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் யோரின். அவள் வந்த மறுநாளே தான் வீட்டில் படுத்துக்கொள்ளப் போவதாக அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. ஒடெட்டின் முட்டியில் வலி வந்தது, அவளே தேய்த்துவிட்டாள். பரீட்சைக் காலத்தில் எங்கள் தெருவில் புல்வெட்டும் மிஷின் ஓட நான் விடமாட்டேன். எல்லா அறைகளிலும் பிள்ளைகள் சிறைக்கைதி மாதிரி அடைந்து கிடப்பார்கள். அந்த நிசப்தத்தில் இந்தப் பெண் மட்டும் மாட்டுச் சிறுகுடலின் பாகங்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டு படியிறங்குவாள். என் மனைவி இர்மாவுக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஐந்தாம் வருடக் குளிர்காலத்தில் பாட்டு நின்றது. இருமல் வந்தது. ஒருநாள் சாயங்காலம் பார்த்தால் பாதி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பொண்ணு, ஏர் லீக் ஆகுது?"

"சளி பாஸ்."

"வாழ்நாள் முழுக்க ஏர் பிரேக் கேட்ட காது இது. சளிக்கு விசில் அடிக்காது."

சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் முன்னாலேயே இரண்டு தடவை இழுத்தாள்.

"கிறிஸ்மஸ்லேர்ந்து. மொதல்ல தொழுவத்துக்குள்ள போனா மட்டும் வந்துது. இப்ப தொழுவத்துக்குப் போயிட்டு வந்தவங்க பக்கத்துல உக்காந்தாலே வீசிங் வருது."

"மாட்டுலயா? நீ மாட்டுக்கு நடுவுல பொறந்தவ."

"அதத்தான் நானும் அதுகிட்ட சொல்லிப் பாத்தேன்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "கேக்க மாட்டேங்குது. அப்பாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். நான் கையில் எடுத்த காரியம் எதுவும் முடியாமல் போனதில்லை, இதையும் முடித்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாளே கார் ஷெட்டில் ஆணி அடித்தேன். தொழுவத்துக்குப் போட்டுப்போன உடுப்பு எதுவும் இனி மாடியேறக் கூடாது, ஒடெட்டிடம் போய்வரும் என் சட்டை உட்பட எல்லாம் இங்கேயே தொங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அந்த வாரமே ஷெட்டில் ஷவர் வைத்து, சுடுதண்ணீர்க் குழாயையும் நானே இழுத்தேன். எதிர் அறை ஸ்டைன் என்கிற வாயாடி, "பாஸ், அடுத்தது ஜெயில் மாதிரி நம்பர் குடுப்பீங்களா?" என்றான். விஷயம் தெரிந்ததும் அவனே முதலில் போய்க் குளித்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"யோரின், மீன் டாக்டர் ஆயிடு. மீனுக்கு முடி கெடையாது."

"மீன் சினையானா உன்னையும் கூப்பிடுறேன், வந்து புடிச்சுக்க" என்றாள். சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நுரையீரல் டாக்டர் இருக்கிறார். அவருடைய அப்பாவின் மாடுகளை ஏற்றியது நான்தான். மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும், கமீல் போன் போட்டால் அதே வாரம். கூட்டிக்கொண்டு போனேன். ஊதச் சொன்னார்கள், எந்த மிருகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கக் கையில் வரிசையாகக் குத்தினார்கள். மாட்டுக்குக் குத்திய இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. பூனைக்கும் வீங்கியது, குதிரைக்கும் வீங்கியது.

"இதுக்கு ஊசி போட முடியாதா?" என்று கேட்டேன். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல. வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கணும்னாலும் சொல்லுங்க."

"நீங்க அப்பாவா?"

"இவ தங்கியிருக்கற வீட்டுக்குச் சொந்தக்காரன்."

டாக்டர் அவளைப் பார்த்தே பேசினார். "இத்தனை வருஷம் தாங்கின உடம்பு திடீர்னு போதும்னு சொல்லிடும். இதுக்கு ஊசி கெடையாது. தள்ளி இருக்கிறதுதான் மருந்து. ஒவ்வொரு தடவையும் முன்னவிட மோசமா வரும். ஒருநாள் இன்ஹேலர் போதாம போயிடும்மா."

திரும்பி வரும்போது காரில் அவள் கையின் வீக்கத்தையே தடவிக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஈஸ்டருக்குப் பிறகு அவள் ஊருக்கே போகவில்லை. படிப்பு இருக்கிறது என்று போனில் சொல்லிவிடுவாள். டிர்க்குக்கு அதிலும் பெருமை. "உங்க வீட்டுல இருந்தா நல்லாப் படிக்கிறா கமீல்" என்று என்னிடம் சொன்னான். நான் ஆமாம் போட்டேன்.

ஜூனில் அந்த வருடத்தின் கடைசிப் பரீட்சை. பேராசிரியர் பக்கத்தில் நிற்க, அவளே மாட்டைக் கிழித்துக் கன்றை எடுக்க வேண்டும். சைக்கிளில் அனுப்ப மனசில்லாமல் நானே காரில் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்தேன். பெயின்ட் அடிக்கிறவர்கள் போடுகிற பெரிய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது மூக்கின் மேல் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"என்ன கன்னு?"

"காளக் கன்னு. நல்லா இருக்கு. பெரிய தலை." கார்க் கதவில் சாய்ந்துகொண்டாள். "தையலப் பாத்துட்டு பேராசிரியர் மத்தவங்களையும் கூப்பிட்டுக் காட்டினார் பாஸ்."

"அப்ப தேறிடுவ."

"தேறிடுவேன். ஃபெயில் ஆயிருந்தா அப்பா நாலு நாள் திட்டிட்டு விட்டிருப்பார். இத வச்சுக்கிட்டு நான் என்ன சொல்றது?" மூச்சு வாங்கியது. "படிப்பு இன்னும் ஒரு வருஷம்தான். மாஸ்க்கப் போட்டே ஓட்டிடலாம்னு தோணுது. அப்புறம் ஊர்ல? முப்பது வருஷம் மாஸ்க்குக்குள்ளயே இருக்க முடியுமா?"

முடியும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் மாஸ்க்கை வாங்கிக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

ரிசல்ட் வந்தது. உயர்ந்த தகுதியில் தேறியிருந்தாள். இர்மா அரிசிப் பால் டார்ட் சுட்டாள், ஸ்ட்ராபெரி வாங்கி வந்தாள். கோடை விடுமுறைக்குப் பெற்றவர்கள் வந்து அறையைக் காலிசெய்து பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போகும் சனிக்கிழமை அது. தெரு முழுக்க மெத்தையும் அட்டைப்பெட்டியுமாகக் கிடந்தது. டிர்க் பண்ணைக் காரில், பின்னால் மாடு ஏற்றும் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு வந்தான். டிரெய்லரை நன்றாகக் கழுவியிருந்தான். முன்சீட்டில் டாக்டர் லாமோட், கோட்டும் டையுமாக.

டிர்க் இறங்கி நேரே மகளைக் கட்டிக்கொண்டான். அவள் முகவாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தண்ணீரில் குதிக்கப் போகிறவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

லாமோட் தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஊருக்கே மனப்பாடமான நம்பர் இது. கோடைக்கு நீதான் எடுக்கற. நான் பின்சீட்டுல உக்காந்துக்கறேன்."

"டாக்டருக்கு மூணு மாசமா இதே பேச்சு" என்றான் டிர்க்.

யோரின் டார்ட்டை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். எப்போது சொல்லப் போகிறாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இர்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். சத்தியம் செய்துவிட்டேனே, என்ன செய்வது? மந்திரிக்கு முன்னால் திறந்த வாய் அன்று காபி குடிக்க மட்டும் திறந்தது.

பெட்டிகள், சைக்கிள், புத்தகம், நாற்காலி எல்லாம் டிரெய்லரில் ஏறின. "ஏறும்மா" என்றான் டிர்க். பின்சீட்டில் வைக்கோல் துரும்பும் வெள்ளை முடியும் ஒட்டிக் கிடந்தன. போன வாரம் ஒரு கன்றை அதில்தான் படுக்கவைத்துக் கொண்டுபோனானாம். அவள் ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறினாள். வண்டி மெதுவாகப் பின்வாங்கி வாசல் கேட் வரைக்கும் போனது.

கேட்டருகில் பின்கதவு திறந்தது. இறங்கி முழங்கால்மேல் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள். வாசற்படியில் நின்ற எனக்கே அந்த விசில் கேட்டது.

டிர்க் ஓடிவந்தான். "என்ன ஆச்சு? ஸ்ட்ராபெரி ஒத்துக்கலையா?"

லாமோட் மெல்ல இறங்கி, தலையைச் சாய்த்து அந்த விசிலைக் கவனித்தார். "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஹேலரை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"நம்ம மாடா?" டிர்க்குக்குப் புரியவில்லை. "நம்ம மாட்டுக்கா இப்படி வரும்?" தன் சட்டைக்கையை முகர்ந்து பார்த்தான். அவசரமாகக் கோட்டைக் கழற்றி டிரெய்லருக்குள் எறிந்துவிட்டு அவள் பக்கம் ஓரடி வைத்தான். அவள் ஓரடி பின்னால் போனாள். அவள் நினைத்துச் செய்ததில்லை, கால் தானாகப் போனது. அவன் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"டிர்க், விடுப்பா" என்றார் லாமோட். "சட்டையக் கழட்டினா தோல் இருக்கு." பிறகு அவளிடம், "நாய் பூனை?"

"பூனையும் சேரல."

"லேப்ல? செத்தத அறுத்துப் பாக்கற வேலை?"

"செத்ததுக்கும் முடி இருக்குதே டாக்டர்."

அவர் தலையாட்டினார். இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. மேசையிலிருந்து எடுத்து அவள் தன் பையில் போட்டிருந்தாள். எடுத்துத் திரையைப் பார்த்தாள், பேச மூச்சு வரவில்லை, அவரிடம் நீட்டினாள். ஒரு பண்ணைக்காரனின் குரல் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. லாமோட் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "வரேன். ஒரு மணி நேரம் ஆகும். நிக்க வச்சிரு" என்றார்.

"இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவேன்மா" என்று அவளிடம் சொன்னார். அவரால் முடியாது என்பது அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

டிர்க் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். "சாமானெல்லாம் எறக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டான். மாடு அங்கே காத்துக்கொண்டிருந்தது. அவள் சாமான்களோடு வண்டி கிளம்பிப் போனது. சன்னலை இறக்கி அவன் கையை வெளியே நீட்டியபடியே போனான். அவள் கேட்டில் நின்றாள்.

பிறகு காலி அறைக்கு ஏறிப் போய்விட்டாள். படுக்க விரிப்புகூட இல்லை, எல்லாம் டிக்ஸ்முய்டெவுக்குப் போய்விட்டது.

நான் பின்பக்கம் போய் ஒடெட்டின் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு நின்றேன். அதனிடம் நான் என்ன கேட்க முடியும்? உள்ளே வந்ததும் இர்மா துவைத்து மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படி ஏறியிருப்பேன்.

"நில்லு" என்றாள் இர்மா கீழிருந்து. "மாட்டுக்கிட்ட போயிட்டு வந்தியா?"

என் சட்டையைப் பார்த்தேன். தோளில் வெள்ளை முடி. போர்வையிலும் இரண்டு ஒட்டியிருந்தது. மேலே அறைக்கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே அவள் இருமுவது கேட்டது. நானே இழைத்த படி அது. அதற்குமேல் ஒரு படி ஏற முடியாமல், இறங்கவும் தோன்றாமல், போர்வையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.