காலி செய்த குப்பைக்குழி

என் மகளுக்கு இன்னும் குடியுரிமை அட்டை கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், என் அப்பாவின் துடைப்பம்தான் காரணம்.

பர்மாவில், பபேடான் பேட்டையில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்து, கரண்ட் இருக்கிற நேரத்தில் ரோமானியர்களுக்கு வீடு வரைவது என் பிழைப்பு. சிரிக்காதீர்கள், உண்மை. முன்பு ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அது மூடிய பிறகு, ஏதோ ஒரு குளிர்நாட்டு அகழாய்வுக் குழு இணையம் வழியாக இந்த வேலையைக் கொடுத்தது. ரோமானியப் பேரரசின் எல்லையில் ஒரு கோட்டை. அதன் வாசலிலிருந்து போகும் சாலையின் இருபுறமும் சாதாரண ஜனங்களின் குடியிருப்பு. இப்போது எல்லாம் மேய்ச்சல் நிலம். தோண்டாமலேயே, ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு புல்லின்மேல் நடந்து, மண்ணுக்கு அடியில் இருப்பதைச் சாம்பல்நிறப் படமாக எடுத்து அனுப்புவார்கள். அதில் எது சுவர், எது அடுப்பு, எது குழி என்று நான் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும்.

கோட்டை எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. அதில் எல்லாம் அளந்துவைத்த நேர்க்கோடு. வெளியே இருந்த வீடுகள்தான் எனக்குப் பிடித்தன. சாலையைப் பார்த்துக் குறுகலான முகப்பு, பின்னால் நீண்டுகொண்டே போகும் வீடு. முன்பக்கம் கடை, நடுவில் அடுப்பு, கொல்லையில் குப்பைக்குழி. சிப்பாய்களுக்குச் செருப்புத் தைத்தவன் அங்கே இருந்திருப்பான், சாராயம் விற்றவள் இருந்திருப்பாள். சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாத சிப்பாய்க்குப் பிள்ளை பெற்றவளும் இருந்திருப்பாள். படையின் ஆள் பட்டியலில் இவர்கள் பெயரை யார் எழுதப்போகிறார்கள்? ஆனாலும் இவர்கள் இருந்தார்கள் என்பதை இன்று ஒருவராலும் மறுக்க முடியாது. ஈரக் குழி ஒன்றிலிருந்து ஒரு குழந்தையின் தோல் செருப்பைக்கூட எடுத்திருக்கிறார்கள். குழுத் தலைவி எனக்கு எழுதியிருந்தார்: ‘குப்பைக்குழிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சி அவைதான்.’

அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

நாங்களும் ஒரு படைமுகாமின் மதிலுக்கு வெளியேதான் இருந்தோம், ஊருக்கு வடக்கே. பதினோரு தமிழ்க் குடும்பங்கள். தாத்தா சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தார், அப்பாவும் அதையேதான் செய்தார். ஒரு பக்கம் சவரக்கடை, மறுபக்கம் டீக்கடை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, இடம் வேண்டும், ஒரு வாரத்தில் காலி செய்யுங்கள் என்றார்கள். எங்கள் பெயரும் விலாசமும் பதிந்திருந்த ஒரே தாளான குடும்பப் பட்டியலையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்பா அதை இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டிவிட்டு, ரசீது கேட்காமல் திரும்பி வந்தார்.

அதோடு விட்டாரா? மற்றவர்கள் பலகையையும் தகரத்தையும் பிடுங்கிக்கொண்டு போனபோது, அப்பா எங்களைத் துப்புரவுக்கு நிறுத்தினார். “கலாப் பயலுங்க அசிங்கம் பண்ணிட்டுப் போயிட்டானுங்கன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது” என்றார். கலா என்பது இங்கே எங்களை ஏசும் சொல். அந்தச் சொல்லுக்குப் பயந்து, கம்பம் நட்ட குழிகளை மூடினோம். அடுப்புக் கரியைச் சுரண்டினோம். துணி துவைக்கும் கல்லை உருட்டிப்போய் ஓடையில் தள்ளினோம். குப்பைக்குழி என் பங்கு. உடைந்த பீங்கான், சீசா, தேய்ந்துபோன என் சின்ன வயதுச் செருப்பு, எல்லாவற்றையும் கூடை கூடையாக வாரி முனிசிபல் வண்டியில் ஏற்றிவிட்டுப் புது மண் போட்டு மிதித்தேன். கடைசியில் அப்பா வாசல்வரை பெருக்கினார்.

முகாம் அதிகாரி வந்து பார்த்து, நல்ல மனிதர், ஒரு துரும்புகூட விடவில்லை என்று பாராட்டினாராம். சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை தயாராக இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு அட்டை வேண்டும். இந்த மாதக் கடைசிவரைதான் அவர்கள் காத்திருப்பார்கள். அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் கெட்டவர் இல்லை. ஒரு பழைய வரைபடத்தை விரித்துக்கூடக் காட்டினார். முகாம் இருந்தது, மதில் இருந்தது. வெளியே வெறும் வெள்ளைத் தாள்.

“இங்க வீடே இல்லையே, அமா” என்று பர்மிய மொழியில் சொன்னார். அக்கா என்கிற மாதிரிதான். “உங்க அப்பா, தாத்தா அங்க இருந்ததுக்கு எதாவது ஒரு ஆதாரம் கொண்டுவாங்க.”

“அக்கம்பக்கத்து ஆளுங்க சொன்னாப் போதுமா, சயா?” என்று கேட்டேன். சயா என்றால் ஐயா.

“அவங்ககிட்ட அட்டை இருக்கணும்.”

அங்கே இருந்த மற்றப் பத்துக் குடும்பங்களும் எங்களைப் போலவே ஆதாரம் தேடி அலைகின்றன. எழுந்து வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அங்கேயே போனேன். வழியில் வாங்கிய பருப்பு வடையைப் பச்சை மிளகாயோடு தின்றுகொண்டே மதிலோரம் நடந்தோம். ராணுவ ஆட்சி நடக்கிற இந்தக் காலத்தில் அந்தப் பக்கம் நிற்கவே பயம். ஆனாலும் நின்றேன். எங்காவது புல் கூடுதல் பச்சையாக இருக்கிறதா, தரை அமுங்கியிருக்கிறதா என்று, படம் பார்த்துப் பழகிய கண்ணால் தேடினேன். எங்கும் ஒரே சீராக வெட்டிய புல். அப்பா வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார்.

“அந்த மெஷினைக் கொண்டாந்தா தெரியுமாம்மா?” என்றாள் மகள்.

“தெரியும். மூடின குழிகூடத் தெரியும்.”

“அப்ப அவங்களைக் கேளேன்.”

“முகாம் வாசல்ல மெஷினைத் தூக்கிட்டு நடக்க எவன் விடுவான்?”

அதற்குள் காவலுக்கு நின்ற நடுவயதுச் சிப்பாய் துப்பாக்கியோடு வந்துவிட்டார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். என் வீடு இங்கே இருந்தது என்றேன்.

“இங்க எப்பவும் புல்லுதான். கிளம்புங்க.”

மகள் உடனே குனிந்தாள். வடை சுற்றிவந்த எண்ணெய்க் காகிதம், கடித்துப் போட்ட மிளகாய்க் காம்பு, விழுந்த துணுக்கு, எல்லாவற்றையும் பொறுக்கிக் காகிதத்திலேயே மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். அவள் தாத்தாவைப் பார்த்ததுகூட இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, அதை அவள் கையிலிருந்து பிடுங்கி மதிலோரம் வீசினேன்.

“கிடக்கட்டும்! நம்மளோடது ஒண்ணாவது இங்க கிடக்கட்டும்!” என்று தமிழில் கத்தினேன்.

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எடு” என்றார்.

குனிந்து காகிதத்தை எடுத்தேன். சிதறிக் கிடந்த மிளகாய்க் காம்பையும் தேடி எடுத்தேன்.