மாமா போட்டோவுக்கு நான் போட்ட மாலை

எட்டு வயதில் நான் என் அத்தை புருஷனைச் சாகடித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டு மூலையை அழகுபடுத்தப் போய் அப்படி ஆகிவிட்டது.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகி மூன்று வருஷம் புகுந்த வீட்டில் இருந்துவிட்டு, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. மாமா லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனவர். போய் ஆறு வருஷமாகியும் ஒரு போன் கிடையாது. அப்பா இரண்டு தடவை லாரி ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். மாமா இருந்த காலத்தில் அத்தை கையில் ஒரு வளையல் தங்காது, எல்லாம் உடைந்துபோகும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மட்டமான வளையலாகப் பார்த்து வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் கம்பெனியில் மாமா ஜோராக இருந்தார். “வூட்டுக்காரர் எப்பக்கா வராரு?” என்று லைனில் வரிசையாக நின்று கூட வேலை செய்கிறவர்களில் யாராவது ஒருத்தி தினமும் கேட்பாளாம். “தீவாளிக்கு வராரு” என்பாளாம் அத்தை. தீபாவளி போனால் பொங்கல், பொங்கல் போனால் ஆடிக் கிருத்திகை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் செருப்பை உதறிவிட்டு அம்மாவிடம் புலம்புவாள்.

“இன்னும் எத்தினி பண்டிகைக்குத்தான் அண்ணி அவர வரவெக்கிறது? வேலகூட கஷ்டமில்ல. இதுக்குப் பதில் சொல்றதுதான் பெரிய பேஜாரா கீது.”

அந்த வருஷம் கம்பெனியில் ஒரு போட்டி வைத்தார்கள். வீட்டில் ஒரு மூலையைப் பழைய காலத்துச் சாமானும் புதுப் பூவும் வைத்து அலங்கரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போட்டோ எடுத்து அவரவர் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அத்தைக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ! விடிந்ததும் விடியாததுமாகப் பரணில் ஏறிவிட்டாள். பித்தளைக் கூஜா, வெற்றிலைப் பெட்டி, கண்ணாடி போன அரிக்கேன் விளக்கு, பேச்சை நிறுத்திப் பல காலமான ரேடியோ, ஒரு டிரங்குப் பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கூஜா பளபளவென்று ஆகிவிட்டது. “பழசு கேட்டா நீ புதுசாக்கி வெச்சிக்கினு கீறியே” என்று அம்மா சிரித்தாள்.

அப்பா படப்பைக்குப் போய்ச் சாமந்தி, ரோஜா, மல்லி எல்லாம் வாங்கி வந்தார். டிவி ஸ்டாண்டை நகர்த்தி, காலியான மூலையில் பெட்டியை வைத்து, அதன்மேல் அம்மாவின் பட்டுப்புடவையை மடித்து விரித்தாள் அத்தை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் சாமந்தியை மிதக்கவிட்டாள். கூஜாவில் ரோஜா, அரிக்கேனைச் சுற்றி மல்லிச்சரம். அப்பா எட்டிப் பார்த்து, “இது பூஜ ரூமா, பழைய சாமான் கடையா?” என்றார். அத்தை கையில் அப்போது துடைப்பம் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

நாலரை மணிக்கு அத்தை குளிக்கப் போனாள். “புடவ மாத்திக்கினு வந்து போட்டோ எடுக்கறேன். நீ எதையும் தொடாத” என்றாள். நான் எதையும் தொடவில்லை, ஒன்றைச் சேர்த்தேன், அவ்வளவுதான். ரேடியோவின் தலை மொட்டையாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது. பெட்டியைக் காலி செய்தபோது துணிக்கடியிலிருந்து மாமாவின் போட்டோ வெளியே வந்திருந்தது. பெண் வீட்டுக்குக் காட்டுவதற்காக ஸ்டுடியோவில் எடுத்தது. மரச்சட்டம், மங்கிப்போன மீசை. பழைய சாமான்தானே? ரேடியோ மேல் நிறுத்தினேன். இன்னும் ஏதோ குறைந்தது. எங்கள் வீட்டில் சட்டம் போட்ட போட்டோ வேறு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தாத்தாவுடையது, மாலை இல்லாமல் அதை நான் பார்த்ததே இல்லை. ஆகவே பழைய போட்டோ என்றால் மாலை போட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த சட்டம். மிச்சமிருந்த மல்லிச்சரத்தைப் போட்டு, நெற்றியில் குங்குமமும் வைத்தேன். மாமா திடீரென்று லட்சணமாகிவிட்டார்.

ஐந்தாகப் போகிறது, அத்தையைக் காணோம். போட்டி போய்விடுமே என்று எனக்குப் பதற்றம். அவள் போனிலேயே ஒரு படம் எடுத்து, லைன் குரூப்பில் நானே அனுப்பிவிட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அத்தை ஈரத்தலையோடு வந்து மூலையைப் பார்த்தாள். பின்னாலேயே வந்த அம்மா பார்த்த வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“அடிப்பாவி! உசுரோட கீற மனுசனுக்கு மாலயப் போட்டு வெச்சிக்கீறியே!”

அப்போதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. அதற்குள் போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. எப்போ ஆச்சுக்கா, சொல்லவே இல்லியேக்கா என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். “கொயந்த தெரியாம பண்ணிட்ச்சினு போடு. சீக்கிரம் போடு” என்று அம்மா பறந்தாள். அத்தை எழுத ஆரம்பித்தாள். பிறகு அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையால் தலையைத் துவட்டினாள்.

அரை மணியில் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த லைன் பெண்கள் நான்கு பேர், கையில் ரோஜா மாலையோடு இறங்கினார்கள். அதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

“எக்கா, இத்தன நாளா மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்தியளா? நாங்க வேற எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு கேட்டு உயிர எடுத்துருக்கோமே! இனிமே ஒருத்தியும் கேக்க மாட்டோம்க்கா.”

அம்மா வாயைத் திறந்தாள். அத்தை எட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அண்ணி, நாலு பேருக்கு டீ போடு.”

அம்மா டீ போடப் போனாள். அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, போகிற வருகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இரண்டாவது மாலையும் விழுந்தது. அத்தை அழுதாள். அப்படி அவள் தேம்பி அழுது நான் பார்த்ததே இல்லை. நானும் கூடவே அழுதேன்.

அவர்கள் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். “நாளிக்கே அந்தாளு வந்து நின்னா இன்னா சொல்லுவ?”

“வந்தா மாலய அவரே கயட்டிக்கட்டும்.”

“அப்ப பூவு, பொட்டெல்லாம்?”

“அதெல்லாம் வெப்பேன். லைன்ல எப்பவும் நெத்தி வரைக்கும் மூடற தொப்பிதான அண்ணி?”

மறுநாள் வேலை முடிந்து வந்தவள், “இன்னிக்கி ஒருத்திகூட கேக்கல அண்ணி” என்று சொல்லிவிட்டு, குழம்பை மறுபடி மறுபடி ஊற்றிச் சாப்பிட்டாள். போட்டியில் முதல் பரிசும் எங்களுக்குத்தான். பெரிய ஹாட்பாக்ஸ் ஒன்று கொடுத்தார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நான் போட்ட மாலையால் மாமா நிஜமாகவே எங்கேயாவது செத்துப்போய்விட்டால் என்ன செய்வது? எனக்கு அந்த வாரம் முழுக்க ஒரே பயம்.

வெள்ளிக்கிழமை அத்தை என்னை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கற்பூரம் காட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று உரக்கவே வேண்டினேன்.

“தாயே, நான் தெரியாம பண்ணிட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. அவரு சீக்கிரமா அத்தகிட்ட திரும்பி…”

அத்தையின் கை வந்து என் வாயைப் பொத்தியது. அந்தக் கையிலிருந்த வளையல்கள், ஒன்றுகூட உடையாதவை, என் கன்னத்தில் அழுந்தின.

சாமியிடம் சத்தமாகக் கேட்கக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தை மனசுக்குள்ளேயே வேண்டி முடித்தேன்.