இஸ்திரி போட்ட நோட்டு

அப்பாவுக்கு உலக நாடுகளின் காசுகளையும் நோட்டுகளையும் சேர்க்கும் பைத்தியம். கொல்கத்தா துறைமுகத்தில் வேலை என்பதால் கப்பல்காரர்கள் மிஞ்சிய சில்லறையை அவர் கையில் கொட்டிவிட்டுப் போவார்கள். பெஹாலாவில் எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு நாற்காலி இருக்காது. ஆல்பங்களுக்குத் தனி அலமாரி இருந்தது. ஞாயிறு காலையில் ஜன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து ஒவ்வொன்றையும் மொபைலில் படம் எடுப்பார். தாள் பிடிப்பது நான். ஒன்பது வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

கீழ்வீட்டு வங்காளிக்காரருக்கும் இதே பைத்தியம். அவரை நான் காக்கு என்பேன், அவர்கள் மொழியில் சித்தப்பா. அப்பா எடுத்தால் படம் தெளிவாக வரும் என்று ஒரு மழைக்காலத்தில் தன் நோட்டுகள் பத்தைக் கொடுத்துவைத்தார். ஈரக்காற்றில் எல்லாம் நெளிந்து கிடந்தன. அப்பா அவற்றைத் தடித்த புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். எனக்கா பொறுமை? என் பள்ளிச் சீருடையைத் தேய்த்த இஸ்திரிப் பெட்டி அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

ஒன்பது நோட்டுகள் விறைப்பாக நிமிர்ந்தன. பத்தாவது பாப்புவா நியூகினி நோட்டு, பறவைப் படம் போட்டது. அது பிளாஸ்டிக் என்பது எனக்குத் தெரியாது. சூடு பட்டதும் எண்ணெயில் விழுந்த வடாம் போலச் சுருண்டு, காசளவுத் துண்டாகச் சிறுத்துவிட்டது.

“எதுக்குடி அதுல கை வச்ச? அது நம்மளுதுகூட இல்லியே” என்றாள் அம்மா. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்த அப்பா பத்தையும் வெகுநேரம் பார்த்தார். “காகித நோட்டையும் தேய்க்கக் கூடாது பாப்பா. தேச்சா, நோட்டு சேர்க்கிறவங்க மதிக்க மாட்டாங்க” என்று மட்டும் சொன்னார். பிறகு ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து எதையோ எடுத்து, நோட்டுகளோடு கீழே போனார். காக்கு வேண்டாம் வேண்டாம் என்று வங்காள மொழியில் சொல்வது மாடிப்படிவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வேண்டாம் நின்றுவிட்டது.

சுருண்ட நோட்டோடு மட்டும் அப்பா மேலே வந்தார்.

“காக்கு திட்டினாராப்பா?”

“இல்ல. சந்தோஷமாத்தான் இருக்கார்.”

எனக்குப் போன உயிர் வந்தது. முதல் பக்கத்தில் ஒரு காசு உறை காலியாக இருக்கவே, சுருண்ட நோட்டை அதில் வைக்கட்டுமா என்று கேட்டேன். வைத்துக்கொள் என்றார். கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த உறையில் இருந்தது மயில் போட்ட பழைய பர்மா வெள்ளிக்காசு என்றும், அப்பா முதல் சம்பளத்தில் வாங்கியது என்றும், காக்கு இரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றோ, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முதல் பக்கம் என்னுடையது என்று ஆல்பத்தைத் திறந்து காட்டுவேன். அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று புரட்டிவிடுவார். என் நோட்டை யாரும் சரியாகப் பார்க்க விடுவதில்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம்.