மூன்று முறை கேட்ட பொத்தான்

நடவுக்கு ஆள் கூப்பிட நான் ஒரு ஆப் செய்தேன். செய்து முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மானாம்பதி வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிகளுக்குப் போன் திரை வடிவமைக்கிறவள் நான். சொந்த ஊருக்கு ஒன்று செய்யாமல் இருப்பேனா?

முதலில் காட்டியது ஏரிக்கரைக் குடியிருப்பு அக்காவிடம். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து நடவுக்குப் போகிறவர். வரப்பில் உட்கார்ந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். 'வருகிறோம்' என்ற பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினார், உடனே முடிந்தது. அடுத்து 'வேண்டாம்' அழுத்திப் பார்த்தார். நிச்சயமாகவா என்று கேட்டது. காரணம் கேட்டது. கடைசியில், 'விவசாயி உங்களை நம்பியிருக்கிறார், மறுபடி யோசிக்கிறீர்களா?' என்றது.

"இன்னா பாப்பா இது? வரேன்னா ஒரு தபா, வரலன்னா மூணு தபா கேக்குது. உங்க நைனா மாரியே கீது."

எங்கள் அப்பாவின் நிலத்திலும் நடுகிறவர்கள்தானே, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"நடவுக்குக் கூப்பிட வெத்தல பாக்கு தட்டு வெச்சா, எடுத்தா வரோம், எடுக்கலன்னா வரல. அவ்ளோதான். ஆனா உங்க நைனா தட்ட வெச்சிட்டு வாசல்லயே நின்னுக்கினு இருப்பாரு. எப்பிடி எடுக்காம வுடறது? எங்க சொந்த முப்பது சென்டுல நடவு வருசா வருசம் கடைசிதான். நாத்து முத்திப் பூடுது."

கம்பெனிகளுக்கு அப்படித்தான் செய்து பழகியிருந்தேன்: வேண்டாம் என்கிறவரைச் சங்கடப்படுத்தியே சம்மதிக்க வைப்பது. அந்தக் கெட்ட புத்தியை ஊருக்கும் தூக்கி வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்றே இரண்டு பொத்தானையும் ஒரே அளவாக்கினேன். கேள்விகளை எல்லாம் எடுத்துப் போட்டேன்.

அந்தப் பருவத்தில் முதல் அழைப்பு எங்கள் நைனாவுடையது. திங்கட்கிழமைக்கு. அக்காவிடமிருந்து பதில் வந்தது: வேண்டாம்.

"இன்னொரு தபா கேக்கச் சொல்லும்மா."

"கேக்காது நைனா."

"ஏன்னாவது கேளு."

"அதுவும் கேக்காது."

திங்கள் காலை நைனா மொபெட்டில் ஏரிக்கரைப் பக்கம் கிளம்பினார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த ஏரிக்கரைப் பொண்ணு அது சொந்த நெலத்துல நட்டுக்கினு கீது. நாத்து நல்லா கீது. நம்மளுக்குப் புதன்கெழம போடு."

"நீங்களே போடுங்க."

"அதுக்கும் வேணாம்னுட்டா?"

"அப்போ வேணாம்தான்."

கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு விரலால் அழுத்தினார். காபி ஆறிக்கொண்டிருந்தது. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. எங்கள் நைனா ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.