வலது கன்னம்

நடுப்பகல் வெயிலில் ஒருவர் தன் லாரியின் முன்னால் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். பட்டன் போனில் எடுத்த படம்; பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும். புருவத்துக்குக் கீழே கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள், மூக்கடியில் ஒரு கருப்பு, வலது கன்னம் முழுக்க இருட்டு. அந்தப் படம் இப்போது எங்கேயும் இல்லை. அதை இல்லாமல் ஆக்கியவன் நான்தான்.

நாமக்கல்லில் நான் ஸ்டுடியோ போட்ட புதிது. யாரிடமும் போய்க் கற்றவனில்லை. கம்ப்யூட்டரில் இதைத் தொட்டால் என்ன ஆகும், அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தொட்டுத் தொட்டே தெரிந்துகொண்டவன். முகத்தில் விழுந்த நிழலை எடுப்பதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் நாற்காலியில் உட்காரும்போதே, "கொஞ்சம் பளிச்சுனு பண்ணிப்போடுங்க" என்பார்கள். ஒரு பெரியவர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: "நேர்ல பாக்கறவன் பாத்துட்டுப் போறானுங்க. செவுத்துல மாட்டறதாச்சும் செவப்பா இருக்கட்டும்." இப்படிப் பேசுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்துப்போனதாலேயே, வருகிற எல்லோருக்கும் வேண்டியது அதுதான் என்று நம்பிவிட்டேன்.

அந்த அக்கா தன் அண்ணனோடு வந்தார். கணவர் லாரி டிரைவர். வடக்கே லோடு இறக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனவர். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாண ஆல்பம் இருக்குமே என்று கேட்டேன். "அதுல இருக்கறது யாரோ ஒரு ஒல்லிப் பையனுங்க. நான் பொழச்சது இந்த மொகத்தோட" என்று சொல்லி, தாளில் மடித்து வைத்திருந்த மெமரி கார்டைக் கொடுத்தார். மாதத்தில் நாலு நாள்கூட வீடு தங்காத மனிதர் ஒரே ஒரு தடவை இவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பயணத்தில் அக்காவே எடுத்த படம் அது. "புள்ளைக்கு ரெண்டு வயசுதானுங்க ஆகுது. அவளுக்கு அப்பன்னா இனி இந்தப் போட்டோதான்" என்றார்.

மறுநாள் வரச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினேன். கண்குழிகளைத் திறந்தேன். மூக்கடிக் கருப்பைக் கரைத்தேன். இடது கன்னம் வெளுத்துத் தெரிந்ததால், வலது கன்னத்து இருட்டும் வெயில் போட்ட நிழல்தான் என்று எடுத்துக்கொண்டேன். இடப்பக்கத்து நிறத்தை எடுத்து வலப்பக்கம் பூசி இரண்டையும் ஒன்றாக்கினேன். அருமையாக வந்தது. அதே படத்தின் மேலேயே சேமித்தேன். கார்டில்தான் பழையது இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

படத்தைப் பார்த்ததும் அண்ணன் சொன்னார்: "மாப்பிள்ள இப்பத்தான் மாப்பிள்ளையாட்டம் இருக்கறாரு." அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, அவரோட சோத்தாங்கைப் பக்கத்துக் கன்னம் எங்கீங்க?"

நிழலை எடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

"நெழலுங்களா அது? பதினஞ்சு வருசமா சன்னல் வெயிலு அடிச்சு வெந்த கன்னமுங்க. ஒரு கையும் ஒரு கன்னமும் கருத்துப்போயி, ரெண்டு ஆள ஒட்ட வெச்சாப்பல இருப்பாரு. நானே கேலி பண்ணுவேன். அதையப் போயி கழுவிப்போட்டீங்களே சாமி."

வெளியூர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் இந்த ஊரில் பிறந்தவன். தெருவுக்கு நாலு டிரைவர்கள். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் சன்னல். ஊர் திரும்பியவர்கள் டீக்கடைக்கு நடந்து வரும்போது வலது கை ஒரு நிறமாகவும் இடது கை ஒரு நிறமாகவும் வீசி வருவதைப் பார்த்தே வளர்ந்தவன். மவுஸைப் பிடித்ததும் அதெல்லாம் மறந்துபோயிருக்கிறது.

பழைய படத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று கார்டைச் செருகினேன். காலியாக இருந்தது. நகல் எடுப்பதற்குப் பதிலாக 'கட்' கொடுத்து முழுவதையும் கம்ப்யூட்டருக்கு இழுத்திருக்கிறேன். இங்கே அதன் மேலேயே புதியதைச் சேமித்துமிருக்கிறேன். சொன்னேன். அண்ணன் என்னைக் கண்டபடி ஏசினார். அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "மறுக்கா வையிங்க. நான் சொல்றேன்."

அன்று பகல் முழுக்க, நிழலை நீக்கி மட்டுமே பழகிய கையால் ஒரு மனிதரின் கன்னத்தில் கருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினேன். "இன்னுங் கொஞ்சம்." "அய்யோ, அத்தன வேண்டாங்க, அடுப்புக்கரியாட்டம் இருக்குது." "கண்ணோரச் சுருக்கத்துக்குள்ள மட்டும் வெள்ளக்கோடு தெரியுமுங்க, வெயிலுக்குக் கண்ணச் சுருக்கி ஓட்டுவாரில்ல." கன்னத்தைத் தாண்டிக் காதருகே வந்தபோது அவர் பேச்சு நின்றது. காதுமடலும் கருப்பா என்று கேட்டேன். "தெரியலீங்களே. வண்டீல நான் எடது பக்கந்தானுங்க உக்காந்திருந்தேன். போன ரெண்டு நாளும் அவரோட எடது கன்னத்தையேதான் பாத்துட்டுப் போனேன்" என்றார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். அதற்கு மேல் நாங்கள் எதையும் தொடவில்லை.

இப்போது ஒரே அழுத்தில் முகத்து நிழலெல்லாம் போய்விடுகிறது. அழுத்துவதற்கு முன்னால் நான் எதிரில் இருப்பவரிடம் கேட்கிறேன்: இது வெளிச்சத்தால் வந்ததா, உங்களுடையதா? "போட்டோ எடுக்க வந்தா விசாரணை வெக்கறீங்களே" என்று சிரிக்கிறார்கள்.

போன வருஷம் அந்த அக்கா, மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தார். மகள் தலைவார உள்ளே போயிருந்த நேரத்தில், அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் குரலில் கோபம் இல்லை.

"அத விடுங்க சாமி. இப்பெல்லாம் கண்ண மூடுனா அந்தப் போட்டோ மொகந்தானுங்க வருது. அதுல எது அவரு, எது நாம ரெண்டு பேரும் வெச்சதுன்னு எனக்கே தெரியறதில்ல."

எனக்குத் தெரியும் என்று சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை.